அரை அங்குலத் தகடு: மினியாபொலிஸ் பாலம் விழுந்த பிறகு நடந்த ஆய்வு

2003-இல் எடுத்த சில புகைப்படங்களிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம். அதன் தளத்துக்குக் கீழே, ஐந்து எஃகு உறுப்புகள் வந்து கூடும் ஒரு மூட்டு. மூட்டை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருக்கும் தகடுகளின் விளிம்பு நேர்க்கோடாக இல்லை. லேசாகப் புடைத்து வளைந்திருக்கிறது. 1999-இல் எடுத்த படங்களிலும் அந்த வளைவு தெரிகிறது. யாரும் ஒளித்துவைத்த படங்கள் அல்ல இவை; கோப்பிலேயே இருந்தன. ஆனால் அந்த வளைவு எதையோ சொல்கிறது என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தகட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கமே பாலத் தொழிலில் இருக்கவில்லை.

2007 ஆகஸ்ட் 1 அன்று மாலை 6:05 மணிக்கு அந்தப் பாலம் விழுந்தது. ஆற்றுக்கு மேலிருந்த 456 அடி நீளமுள்ள நடுக்கண் (கண் என்பது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி), 108 அடி உயரத்திலிருந்து அப்படியே தண்ணீருக்குள் போனது. பாலத்தின் மேல் அப்போது 111 வாகனங்கள். 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். அருகிலிருந்த மதகுப் பகுதியின் கண்காணிப்புக் கேமரா ஒன்று விழுந்த காட்சியைப் பதிவு செய்திருந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும்: சில வினாடிகள்தான்.

இந்த விபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விசாரணை அறிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கப்புறம் வந்த ஐந்தாறு ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு தகடு ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. நாடு முழுக்கப் பழைய டிரஸ் பாலங்களில், அதாவது எஃகு உறுப்புகளை முக்கோணங்களாகக் கோத்துக் கட்டிய பாலங்களில், இருக்கும் மற்றத் தகடுகள் எவ்வளவு தாங்கும் என்று நம்பத்தக்க ஓர் எண்ணைச் சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை எந்தத் தனியார் வடிவமைப்பு அலுவலகமும் தன் செலவில் செய்யாது. அதை அரசு ஆய்வகம்தான் செய்தது.

முதலில் சந்தேகம் போன இடங்கள்

பாலம் திறக்கப்பட்டது 1967 நவம்பரில். எட்டு வழித்தடங்கள் கொண்ட, தளத்தை மேலே சுமந்த எஃகு டிரஸ். மொத்தம் 14 கண்கள், 1,907 அடி நீளம். இரண்டே இரண்டு பிரதான டிரஸ்கள் முழுப் பாரத்தையும் தாங்கின. ஏதாவது ஒரு முக்கிய உறுப்பு போனால் பாரத்தை ஏற்றுக்கொள்ள மாற்று வழி கிடையாது. இந்த வகைப் பாலங்களை வடிவமைப்பாளர்கள் ஒருவித பயத்தோடுதான் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட.

1991-லிருந்தே இது 'கட்டமைப்புக் குறைபாடு உள்ளது' என்ற பட்டியலில் இருந்த பாலம். கரைப்பக்க அணுகு கண்களில் களைப்பு விரிசல்கள் (சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வருபவை) கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தன. தாங்கிகளில் துரு, சில மூட்டுகளில் துரு. எனவே விழுந்ததும் எல்லோர் வாயிலும் வந்த சொற்கள் இரண்டு: துரு, விரிசல். விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பான தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டையும் ஆராய்ந்தது. அன்றைய வெயிலால் எஃகு விரிந்ததா, தூண்கள் நகர்ந்தனவா என்பதையும் பார்த்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நீக்கிவிட்டது.

ஆற்றிலிருந்து எடுத்த சிதைவுகளை, கீழ்நோக்கிச் சற்றுத் தள்ளிக் கரையோரமாக இருந்த ஒரு பூங்காவில், பாலத்தில் இருந்த வரிசையிலேயே பரப்பிவைத்தார்கள். அப்படிப் பரப்பிய பிறகுதான் யூ10 என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட மேல் மூட்டு கண்ணை உறுத்தியது. அங்கே இருந்த தகடுகள் கிழிந்திருந்தன. அளந்து பார்த்தால் தடிமன் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பக்கத்து மூட்டுகள் சிலவற்றில் ஒரு அங்குலத் தகடுகள் போட்டிருந்தார்கள். பாரம் அதிகமாக இருக்கும் இடத்தில் மெலிந்த தகடு.

தகடு என்ன வேலை செய்கிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

டிரஸ் என்பது முக்கோணங்களின் வரிசை. மேலே ஒரு நாண், கீழே ஒரு நாண், நடுவே சாய்வு உறுப்புகளும் செங்குத்து உறுப்புகளும். இவை சந்திக்கும் இடத்தில், உறுப்புகளை நேரடியாக ஒன்றோடு ஒன்று பிணைப்பதில்லை. இரண்டு பெரிய தகடுகளை, சாண்ட்விச் மாதிரி, இரு பக்கமும் வைத்து ஒவ்வோர் உறுப்பையும் ரிவெட் அல்லது போல்ட் போட்டு அந்தத் தகடுகளோடு கோக்கிறார்கள். இதுதான் கஸெட் பிளேட். உறுப்புகள் கொண்டுவரும் விசைகள் அனைத்தும் இந்தத் தகட்டுக்குள் இறங்கி, அங்கேயே கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன.

யூ10-இல் ஒரு சாய்வு உறுப்பு மூட்டை நோக்கித் தள்ளுகிறது, இன்னொன்று மூட்டிலிருந்து விலகி இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் எதிரெதிர் என்று தோன்றும். ஆனால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருப்பதால், அவற்றின் கிடைமட்டப் பங்கு ஒரே திசையில் போகிறது. இரண்டும் சேர்ந்து தகட்டின் கீழ்ப்பகுதியை ஒரு பக்கம் நகர்த்தப் பார்க்கின்றன. மேல் நாணோடு கோத்த மேல்பகுதி எதிர்ப்பக்கம் நிற்கிறது. நாணுக்குச் சற்றுக் கீழே ஒரு கிடைக்கோட்டில் தகடு கத்தரிக்கோலில் மாட்டியதுபோல் ஆகிறது. பொறியாளர்கள் இதை வெட்டு விசை என்பார்கள். இதோடு, தள்ளும் உறுப்பின் முனைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவே தகட்டில் ஒரு சின்ன இடைவெளி, ரிவெட் இல்லாத வெறும் தகடு. அழுத்தம் கூடினால் அந்த இடம் பக்கவாட்டில் மடங்கும். ஒரு விசிட்டிங் கார்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள், நடுவே பிதுங்கும். அதேதான்.

யூ10-இல் நடந்ததும் இதுதான். எல்9 என்ற கீழ் மூட்டிலிருந்து யூ10-க்கு வரும் அழுத்த உறுப்பின் மேல்முனை, மேற்குப்பக்க டிரஸ்ஸில், பக்கவாட்டில் நகர்ந்தது. தகடு அதோடு மடங்கிக் கிழிந்தது. மீதிப் பாலத்துக்குப் போக வேறு வழியில்லை.

கணக்கைத் தேடியபோது

சரி, அந்தத் தகட்டை அரை அங்குலத்தில் போட்டது யார், எந்தக் கணக்கில்?

வடிவமைத்தது ஸ்வெர்ட்ரப் அண்ட் பார்செல் என்ற நிறுவனம், 1960-களில். உறுப்புகளுக்கான கணக்குகள் கோப்பில் ஒழுங்காக இருந்தன. பிரதான டிரஸ்ஸின் கஸெட் தகடுகளுக்கான இறுதிக் கணக்கு இல்லை. விசாரணையாளர்கள் அன்றைய விதிகளின்படியே புதிதாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். யூ10, யூ4, எல்11 ஆகிய மூட்டுகளிலும் பாலத்தின் மறுபாதியில் அவற்றுக்கு இணையான மூட்டுகளிலும் சேர்த்து 24 தகடுகள், இருக்கவேண்டிய தடிமனில் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. 1960-களின் அளவுகோலால் பார்த்தாலும் தவறு. காலம் கடந்து கண்டுபிடித்த புதிய அறிவு எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஏன் 40 ஆண்டுகள் நின்றது? எஃகு, கணக்கில் போட்ட குறைந்தபட்ச வலிமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். வடிவமைப்பில் போடும் பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது. கணக்கில் போடும் முழுச் சுமை நடப்பில் அபூர்வமாகத்தான் ஒன்றுகூடும். இவை எல்லாம் சேர்ந்து பிழையை மூடிவைத்திருந்தன. அந்த இடைவெளியைத் தெரியாமலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார்கள். 1977-இல் தளத்தின் மேல் இரண்டு அங்குலக் கான்கிரீட் அடுக்கு ஒன்று. 1998-இல் நடுத்தடுப்பும் ஓரத்தடுப்புகளும் மாற்றப்பட்டபோது இன்னும் கொஞ்சம். இரண்டும் சேர்ந்து பாலத்தின் சொந்தப் பாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது.

கடைசி நாளில் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எட்டில் நான்கு தடங்கள் மூடப்பட்டிருந்தன. அன்றிரவு கான்கிரீட் போடுவதற்காக மணலும் ஜல்லியும் குவியல் குவியலாகக் கொட்டப்பட்டிருந்தன. குவியல்கள் மட்டும் 3,83,200 பவுண்டு. கட்டுமான வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து 5,78,735 பவுண்டு, நம் கணக்கில் 262 டன். கொட்டிய இடம் கிட்டத்தட்ட யூ10-க்கு நேர் மேலே.

மணல் குவித்தவர்கள்மேல் கோபப்படுவது சுலபம். வாரியம் அப்படிச் செய்யவில்லை, அது சரியென்றே நினைக்கிறேன். 2008 நவம்பரில் ஏற்றுக்கொண்ட அறிக்கையில் முதல் காரணமாக வடிவமைப்புப் பிழையைத்தான் சொன்னது. சுமை கூடியது அடுத்தபடி. துணைக்காரணங்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்ல வேண்டும்: ஆய்வு செய்யும்போது கஸெட் தகடுகளின் வளைவைக் கவனிக்காமல் விடுவதும், பாலத்தின் சுமைத்தகுதியைக் கணக்கிடும்போது அந்தத் தகடுகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதும் மாநில, கூட்டாட்சி அதிகாரிகள் எல்லோரிடமும் பொதுவாக இருந்த வழக்கம் என்று அறிக்கை சொன்னது.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை. இணைப்பு எப்போதும் உறுப்பைவிட வலுவாகத்தான் இருக்கும் என்பது. நல்ல வடிவமைப்பில் அப்படித்தான் இருக்கும். உறுப்பைச் சரிபார்த்தால் போதும், இணைப்பு தானாகச் சரியாக இருக்கும் என்று எல்லோரும் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். சுமைத்தகுதிக்குப் பயன்பட்ட மென்பொருள்களும் உறுப்புகளைத்தான் பார்த்தன. முதல் வடிவமைப்பில் இணைப்பு தவறியிருந்தால், அதைப் பிடிக்கும் வலை எங்கேயும் விரிக்கப்படவில்லை.

கண் எதைப் பார்க்கப் பழகியிருந்தது

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. ஐ-35டபிள்யூ பாலம் திறந்த அடுத்த மாதம், 1967 டிசம்பர் 15 அன்று, ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். அதுவும் இணைப்புப் பிரச்சினைதான். சங்கிலிபோல் கோத்த கண்பட்டைகள், அவற்றின் துளைக்குள் ஊசிகள். ஒரே ஒரு கண்பட்டையின் துளை ஓரத்தில் ஒரு விரிசல். அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அலுவலகம் உடைந்த பரப்பை நுண்ணோக்கியில் பார்த்து, துருவும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்த அந்த விரிசலின் ஆழம் சில மில்லிமீட்டர்தான் என்று காட்டியது. பாலத்தைப் பிரிக்காமல் கண்டுபிடித்திருக்கவே முடியாத இடத்தில் அது இருந்தது.

அதன் விளைவாக 1968-இல் சட்டம் வந்தது, 1971-இல் தேசியப் பால ஆய்வு விதிகள் வந்தன. நாடு முழுக்கப் பாலங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆராய வேண்டும் என்பது அப்போதுதான் கட்டாயமானது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் விரிசலால் விழுந்த ஒரு பாலத்திலிருந்து பிறந்த ஆய்வுமுறை, விரிசலைத் தேடத்தான் கண்ணைப் பழக்கியது. 1983-இல் கனெக்டிகட்டில் மையானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு கண் விழுந்து மூவர் இறந்தபோது, ஊசி-தொங்குபட்டை இணைப்பில் துரு உள்ளேயிருந்து தள்ளியதே காரணம் என்று தெரிந்தது. அதன் பிறகு துருவும் பட்டியலில் மேலே ஏறியது. மெலிந்த தகடு ஒன்று விரிசலும் இல்லாமல், துருவும் பிடிக்காமல், வெறுமனே வளைந்து நின்றால் என்ன செய்வது என்று யாரும் பழக்கவில்லை.

இதற்கு ஓர் எச்சரிக்கை வந்தும் இருந்தது. 1996-இல் ஒஹாயோவில் கிராண்ட் ஆற்றின் மேலிருந்த ஐ-90 பாலத்தில், பெயின்ட் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது கஸெட் தகடுகள் மடங்கிப் பாலம் சில அங்குலம் இறங்கியது. விழவில்லை. துருப்பிடித்து மெலிந்த தகடுகள் என்பதால், 'துருவால் வந்த தொல்லை' என்ற பெட்டியில் அதைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அவசர மருந்து

விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. 2008 ஜனவரி 15-லேயே வாரியம் ஒரு பரிந்துரை அனுப்பியது. அதே நாளில் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் மாநிலங்களுக்குத் தொழில்நுட்ப அறிவுரை வெளியிட்டது. மாற்று வழி இல்லாத எஃகு டிரஸ் பாலங்களில் ஏதாவது பாரம் கூட்டப் போகிறீர்கள் என்றால், கஸெட் தகடுகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்பது சாரம்.

மின்னசோட்டாவிலேயே அடுத்த அதிர்ச்சி வந்தது. 2008 மார்ச்சில் செயின்ட் கிளவுட் நகரின் டிசோட்டோ பாலத்தில் வளைந்த கஸெட் தகடுகள் கண்ணில் பட்டன. உடனே பாலத்தை மூடினார்கள்; பிறகு அதை இடித்துப் புதிதாகவே கட்டினார்கள். ஓர் ஆண்டு முன்னால் யாரும் அந்த வளைவுக்காகப் பாலத்தை மூடியிருக்க மாட்டார்கள்.

2009 பிப்ரவரியில் நெடுஞ்சாலை நிர்வாகம் கஸெட் தகடுகளின் சுமைத்தகுதியைக் கணக்கிட ஒரு வழிகாட்டியை, செய்துகாட்டிய உதாரணங்களோடு, வெளியிட்டது. மாநிலப் பொறியாளர்கள் அதை வைத்துத் தங்கள் பாலங்களைக் கணக்கிட ஆரம்பித்ததும் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. எத்தனையோ ஆண்டுகளாக எந்தக் குறையும் இல்லாமல் நிற்கும் தகடுகள், காகிதத்தில் தோற்றுப்போயின. அவற்றையெல்லாம் வலுப்படுத்த வேண்டுமா? இல்லை, கணக்குத்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறதா?

பயம் எங்கேயிருந்து வந்தது என்றால், வெட்டு விசைக்கான ஒரு குறைப்பு எண்ணிலிருந்து. தகட்டின் குறுக்கே வெட்டு விசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவுகிறது என்றால் அந்த எண் 1. நடுவில் கூடி ஓரத்தில் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால் 0.74. தகடு போதிய விறைப்போடு இருந்தால் 1 போடலாம், நுணுக்கமான ஆய்வு இல்லையென்றால் 0.74 போடுங்கள் என்றது 2009 வழிகாட்டி. கையில் நுணுக்கமான ஆய்வு இல்லாத பொறியாளர் எதைப் போடுவார்? 0.74-தான். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே கால் பங்கு வலிமை தொங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தத்தில் மடங்குவதற்கான கணக்கோ இன்னும் பழையது. 1952-இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் விட்மோர் என்பவர் டிரஸ் மூட்டின் சிறு மாதிரி ஒன்றை அலுமினியத் தகட்டில் செய்து, அளவிகள் ஒட்டிச் சோதித்தார். உறுப்பின் முதல் வரிசை ஆணியிலிருந்து 30 பாகைச் சாய்வில் இரண்டு பக்கமும் கோடு போட்டு, கடைசி வரிசையில் அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள அகலம்தான் விசையைத் தாங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். அழகான, கையில் போடக்கூடிய கணக்கு. 'விட்மோர் அகலம்' என்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அந்த மாதிரிச் சோதனை, தகடு மீள்நிலையில் (பாரத்தை எடுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிலையில்) இருக்கும்போது தகைவு, அதாவது உள்ளே எழும் விசைச்செறிவு, எங்கே குவிகிறது என்று சொல்லும். தகடு மடங்கித் தோற்கும் கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொல்வதற்காக அது செய்யப்படவில்லை. அதன் மேல் அரை நூற்றாண்டாகப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மெக்லீன் ஆய்வகம்

வர்ஜீனியா மாநிலம் மெக்லீனில் இருக்கிறது டர்னர்-ஃபேர்பேங்க் நெடுஞ்சாலை ஆய்வு மையம். கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் சொந்த ஆய்வகம். விபத்து விசாரணையின்போதே வாரியத்துக்குப் பக்கபலமாகப் பாலத்தின் கணினி மாதிரியை உருவாக்கியதில் இவர்களுக்குப் பங்கு உண்டு. இப்போது அவர்களிடமே அடுத்த கேள்வி வந்தது. தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டமும் நிர்வாகமும் சேர்ந்து பணம் போட, ஆய்வகச் சோதனையை மெக்லீனும் கணினி ஆய்வின் பெரும்பகுதியை ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் எடுத்துக்கொண்டன.

சோதனை எளிமையானதல்ல. கஸெட் தகட்டில் ஒரே ஓர் உறுப்பை இழுத்துப் பார்த்தால் பயனில்லை. உண்மையான மூட்டில் ஐந்தும் ஒரே நேரத்தில் தள்ளி இழுக்கின்றன. எனவே ஐந்து உறுப்புகளையும் கோத்து, அவற்றுக்குத் தனித்தனியாக விசை கொடுத்து, மூட்டு மொத்தமும் சமநிலையில் இருக்கும்படி ஏற்றிக்கொண்டே போய், தகடு தோற்கும்வரை அழுத்தினார்கள். தகட்டின் மேல் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் தெளித்து, கேமராக்களால் தொடர்ந்து படமெடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்ந்தது என்று கணினியில் அளந்தார்கள். பழைய நாளில் அங்கங்கே ஒட்டிய அளவிகள் ஒரு புள்ளியின் கதையைத்தான் சொல்லும். இதில் தகடு முழுவதன் கதையும் கிடைத்தது: எந்த இடம் முதலில் இளகுகிறது (பாரத்தை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாத நிலைக்குப் போகிறது), அந்த இளக்கம் எந்தப் பக்கம் படர்கிறது, எந்தக் கணத்தில் பக்கவாட்டில் பிதுங்குகிறது.

தகட்டின் தடிமனை மாற்றினார்கள். உறுப்புகளின் முனையைச் சீவி நெருக்கமாக வைத்த வகை, சீவாமல் தள்ளி வைத்த வகை என்று பார்த்தார்கள். துருவில் அரித்ததுபோல் தகட்டைச் செதுக்கி மெலிதாக்கியும், ஒன்றின் மேல் ஒன்றாகத் தகடுகள் அடுக்கியும் சோதித்தார்கள். ஆய்வகத்தில் செய்யமுடிந்த எண்ணிக்கை கொஞ்சம்தான். சோதனைக்குச் சரியாக ஒத்துப்போன கணினி மாதிரியை வைத்து, உண்மையான பாலங்களில் உள்ள விதவிதமான மூட்டுகளுக்கு அதை விரித்தார்கள். அறிக்கை 2013-இல் வெளிவந்தது.

அதில் எனக்குப் பிடித்தவை மூன்று.

முதலாவது, அந்தக் குறைப்பு எண். 1-உம் இல்லை, 0.74-உம் இல்லை: 0.88. பார்ப்பதற்கு நடுவில் ஒரு சமரசம்போல் தெரியும். சோதனையிலிருந்து வந்த எண் அது. 0.74-லிருந்து 0.88-க்குப் போனால், வெட்டு விசையில் தகட்டின் கணக்கிட்ட வலிமை கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுகிறது. அந்த வித்தியாசத்தால் காகிதத்தில் தோற்ற தகடுகளில் ஒரு பகுதி தேர்ச்சி பெற்றன. போக்குவரத்தை நிறுத்தி, சாரம் கட்டி, ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகட்டுக்கு மேல் தகடு போடும் வேலை அவற்றுக்குத் தேவையில்லை. ஆய்வகத்துக்குச் செலவழித்த பணத்தை யாராவது கேள்வி கேட்டால், இந்த ஓர் எண்ணைக் காட்டலாம்.

இரண்டாவது, எதிர்த்திசையில் போனது. அழுத்த உறுப்புக்குப் பக்கத்தில் தகடு மடங்குவதற்கு முன், அந்த உறுப்பின் ஓரமாகத் தகட்டின் ஒரு துண்டுப் பகுதியில் வெட்டு விசையால் இளக்கம் வந்துவிடுகிறது என்று படங்கள் காட்டின. இளகிய பகுதி பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கிறது, அப்புறம் மடங்குகிறது. விட்மோர் அகலத்தை மட்டும் பார்க்கும் பழைய கணக்கு, உறுப்புகள் நெருக்கமாகச் சீவி வைத்த மூட்டுகளில் இதைத் தவறவிட்டது. அதனால் 'பகுதித் தள வெட்டு' என்று ஒரு சோதனை புதிதாகச் சேர்க்கப்பட்டது. சில தகடுகளுக்கு வலிமை கூடியது, சில தகடுகளுக்குக் குறைந்தது. நேர்மையான ஆய்வுக்கு இது நல்ல அடையாளம்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது. தகட்டின் பிடிப்பில்லாத விளிம்பு, தடிமனோடு ஒப்பிடும்போது ஓர் அளவுக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. யூ10 தகடுகளின் விளிம்பு 30 அங்குலம், தடிமன் அரை அங்குலம், விகிதம் 60. அந்த எஃகுக்கு விதி அனுமதிப்பது 50-க்குள். அப்படியென்றால் விளிம்பில் ஓர் ஆங்கிளை (எல் வடிவ எஃகுப் பட்டையை) வைத்து விறைப்பாக்கியிருந்தால் பாலம் தப்பியிருக்குமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் பேசினார்கள். நெடிய விளிம்புள்ள பாலங்களில் எல்லாம் ஆங்கிள் போல்ட் செய்தால் தீர்ந்தது என்ற எண்ணம் எளிதில் பரவக்கூடியது, ஏனென்றால் அது மலிவானது, கண்ணுக்குத் தெரிவது. சோதனையோ விளிம்பின் நீள விகிதத்துக்கும் தகடு மடங்கும் வலிமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று காட்டியது. தகடு தோற்பது உள்ளே, உறுப்பின் முனைக்கு முன்னால். விளிம்பில் ஆங்கிள் வைப்பது விளிம்பை நேராக வைக்கும், அவ்வளவுதான். அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் வடிவமைப்பு விதிநூல் இந்த வரம்பை இன்னும் வைத்திருக்கிறது. ஆனால் அது தயாரிப்பிலும் பொருத்தும்போதும் விளிம்பு கோணாமல் இருப்பதற்காகத்தான், வலிமைக்காக அல்ல என்று விளக்கவுரையில் எழுதியிருக்கிறது. பணத்தை எங்கே போட வேண்டும் என்று சொல்வது ஒரு ஆய்வு. எங்கே போடக்கூடாது என்று சொல்வதற்குத்தான் உண்மையில் தகட்டை உடைத்துப் பார்க்கும் தைரியம் வேண்டும்.

களத்தில்

0.88-உம் பகுதித் தள வெட்டும் விதிநூலுக்குள் போயின. புதிய டிரஸ் வடிவமைக்கிறவரும் பழைய டிரஸ்ஸுக்குச் சுமைத்தகுதி போடுகிறவரும் இப்போது ஒரே சமன்பாடுகளைத்தான் திறக்கிறார்கள்.

பாலத்தின் அடியில் ஏறுகிறவரின் வேலையும் மாறியது. 2010 ஜனவரியில் நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிட்ட இன்னோர் அறிவுரை, துருப்பிடித்த கஸெட் தகட்டின் மீதித் தடிமனைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவது போதாது, மீயொலி போன்ற கருவிகளால் அளக்க வேண்டும் என்றது. கஸெட்டில் துரு பெரும்பாலும் கீழ் நாணின் மேல்விளிம்பை ஒட்டி, தண்ணீரும் தூசியும் தேங்கும் ஒரு கோட்டில் அரிக்கும். அந்தக் கோடு வெட்டு விசை அதிகம் போகும் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து தொலைக்கிறது. பெயின்டும் அழுக்கும் மூடிய நிலையில் கண்ணுக்கு அது முழுத் தகடாகவே தெரியும். அளவி ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சமன்பாடும் இருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதால் பாதிப் பயன்தான்.

வளைவுக்கு இன்னும் எளிய கருவி. நேரான ஒரு பட்டையைத் தகட்டின் விளிம்பில் வைத்து, நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று அளந்து எழுதிக்கொள்வது. 1999-லும் அதைச் செய்திருக்க முடியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தகட்டின் வலிமையை இப்போது நன்றாகக் கணக்கிட முடிகிறது. ஆனால் முதல் பிழை, கணக்கே இல்லாமல் ஒரு வரைபடம் ஒப்புதல் பெற்றதுதான். அதற்கு மருந்து ஆய்வகத்தில் இல்லை. வாரியம் அதற்குத் தனியாக, வடிவமைப்பு நிறுவனத்துக்குள்ளேயும் ஒப்புதல் தரும் அரசு அலுவலகத்திலும் கணக்குகளை இன்னொருவர் சரிபார்க்கும் முறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. சமன்பாடுபோல் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. அது நாள்தோறும் ஆட்கள் செய்யவேண்டிய வேலை.

மினியாபொலிஸில் அதே இடத்தில் புதுப் பாலம் 2008 செப்டம்பர் 18 அன்று திறக்கப்பட்டது. 23.4 கோடி டாலர் செலவு, 300-க்கும் மேற்பட்ட உணரிகள். முழுக்கக் கான்கிரீட் பெட்டி உத்திரங்கள். அதில் கஸெட் தகடு ஒன்றுகூட இல்லை. ஆற்றின் மேலேயும் கீழேயும், மற்ற மாநிலங்களிலும், ஐம்பது அறுபது ஆண்டு வயதான டிரஸ் பாலங்கள் இன்னும் தினமும் லாரிகளைச் சுமக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு தகடுகள் இருக்கின்றன. இப்போது அவற்றுக்குக் கோப்பில் ஒரு கணக்குத் தாள் இருக்க வேண்டும்.